கிறிஸ்தவ உக்கிராணத்துவமும் காணிக்கையும்

மனிதர் தம்மிடம் உள்ள பொருள், நிலம், காலம், திறமை ஆகியவற்றின் உரிமையாளர் அல்லர், கடவுள் ஒப்படைத்தவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே என்னும் கருத்து கிறிஸ்தவத்தில் உக்கிராணத்துவம் எனப்படுகிறது. திருச்சபைக்கும் ஏழைகளுக்கும் மனமுவந்து அளிக்கப்படும் காணிக்கை இக்கருத்தின் நடைமுறை வடிவமாகும். இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று தாராளமாகக் கொடுப்பது. மற்றொன்று ஒப்படைக்கப்பட்டதற்குக் கணக்கு ஒப்புவிப்பது. கொடுக்கும் கடமை விசுவாசிக்கு உரியது. கணக்கு ஒப்புவிக்கும் கடமையோ விசுவாசிக்கும், அவரிடமிருந்து காணிக்கை பெறும் திருச்சபைக்கும் பொதுவானது.

நிலையான மாதச் சம்பளம் இல்லாத வேளாண் பகுதிகளில் இக்கருத்து எவ்வாறு செயல்படுகிறது என்பது தனியே நோக்கத்தக்கது. புதுச்சேரி மாவட்டத்தின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் அத்தகைய பகுதிகள்.

சொல்லும் பொருளும்

உக்கிராணம் என்பது பண்டங்களைச் சேமித்து வைக்கும் அறையைக் குறிக்கும் பழைய சொல். அதன் சாவியை வைத்திருந்து, வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் வேண்டியதை அளந்து கொடுப்பவர் உக்கிராணக்காரர். சீர்திருத்தத் திருச்சபைகள் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் இச்சொல் இடம்பெற்றதால், அச்சபைகளின் வழக்கில் உக்கிராணத்துவம் என்ற சொல் நிலைபெற்றது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் வீட்டுப் பொறுப்பாளர் என்ற சொல் காணப்படுகிறது.

கிரேக்க மூலத்தில் உள்ள ஓய்கோனோமோஸ் என்ற சொல்லுக்கு வீட்டை நிர்வகிப்பவர் என்பது பொருள். பொருளாதாரத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவையே. உக்கிராணக்காரரிடம் உள்ள தானியம் அவருடையது அன்று. அதைப் பூட்டி வைப்பதற்காக அன்றி, உரியவர்களுக்கு உரிய நேரத்தில் அளந்து கொடுப்பதற்காகவே அவர் நியமிக்கப்படுகிறார்.

விவிலிய அடிப்படை

பழைய ஏற்பாட்டில் நிலத்தின் விளைச்சலிலும் கால்நடைகளிலும் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கு உரியதாக ஒதுக்கும் வழக்கம் கூறப்படுகிறது. இதுவே தசமபாகம். முதற்கனிகளைக் காணிக்கையாகக் கொண்டுவரும் சடங்கு உபாகமம் (கத்தோலிக்க வழக்கில் இணைச்சட்டம்) நூலின் 26ஆம் அதிகாரத்தில் விவரிக்கப்படுகிறது.

இந்தச் சட்டங்களில் பலரும் கவனிக்காத ஒரு கூறு உண்டு. தசமபாகம் நிலமும் மந்தையும் உடையவர்களின் விளைச்சல் மீது விதிக்கப்பட்டது. மூன்றாம் ஆண்டின் தசமபாகம் அந்தந்த ஊரிலேயே சேமிக்கப்பட்டு, சொந்த நிலம் இல்லாத லேவியர், அந்நியர், அனாதைகள், கைம்பெண்கள் ஆகியோருக்கு அளிக்கப்பட வேண்டும் என்று இணைச்சட்டத்தின் 14ஆம் அதிகாரம் கூறுகிறது. அறுவடையின்போது வயலின் ஓரங்களை முற்றும் அறுக்காமல் ஏழைகளுக்கு விட்டுவைக்கும்படி லேவியர் நூலின் 19ஆம் அதிகாரம் பணிக்கிறது. இச்சட்டங்களின்படி நிலமற்ற ஏழை, தசமபாகத்தைச் செலுத்துபவர் அன்று, அதைப் பெறுபவர்.

புதிய ஏற்பாட்டில் குறிப்பிட்ட விழுக்காடு எதுவும் கட்டளையாக விதிக்கப்படவில்லை. கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு சிறு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண், செல்வர்களைவிட அதிகம் கொடுத்தவராக மாற்கு, லூக்கா நற்செய்திகளில் பாராட்டப்படுகிறார். கொடுத்த தொகையை அன்றி, கொடுத்தபின் கையில் எஞ்சியதை அளவாகக் கொள்ளும் பார்வை இது. அதே மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், கொர்பான் என்று சொல்லிப் பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டு, பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைத் தட்டிக்கழிப்போரை இயேசு கண்டிக்கிறார். குடும்பக் கடமையை விழுங்கும் காணிக்கை ஏற்புடையதன்று என்பது இதன் கருத்து.

எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் திரட்டிய நிதி, காணிக்கை பற்றிய மிக விரிவான விவிலியப் பகுதிக்கு (2 கொரிந்தியர் 8, 9) அடிப்படையாக அமைந்தது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்பச் சேர்த்து வைக்க வேண்டும் என்றும், கட்டாயத்தால் அன்றி மகிழ்ச்சியுடன் கொடுக்க வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். திரட்டிய பணத்தைத் தாம் மட்டும் தனியே எடுத்துச் செல்லவும் அவர் விரும்பவில்லை. சபைகளின் நம்பிக்கைக்குரிய பிற சகோதரர்களையும் உடன் அனுப்பினார். பெருந்தொகையைக் கையாள்வதில் யாரும் குறைகூற இடம் இருக்கக் கூடாது என்பதே அவர் கூறிய காரணம். காணிக்கையையும் கணக்கையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதுவே பழைமையான கிறிஸ்தவச் சான்று.

தொடக்கத் திருச்சபையில்

இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டைப் பற்றி எழுதும்போது, வசதி உள்ளவர்கள் விரும்பியதைக் கொடுத்தனர் என்றும், சேர்ந்த பொருள் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவிடப்பட்டது என்றும் குறிப்பிடுகிறார். ஏறக்குறைய 197ஆம் ஆண்டில் எழுதிய தெர்த்துல்லியன், மாதந்தோறும் தரப்பட்ட இக்காணிக்கை முற்றிலும் விருப்பத்தின்பாற்பட்டது என்கிறார்.

பிற்கால ஐரோப்பாவில் தசமபாகம் சட்டப்படி வசூலிக்கப்படும் வரியாக மாறியது. பிரான்சில் 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது அது ஒழிக்கப்பட்டது. ஜெர்மனியில் வருமான வரியின்மேல் 8 அல்லது 9 விழுக்காடு திருச்சபை வரியாக அரசு வழியே இன்றும் பெறப்படுகிறது. இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. இங்குத் திருச்சபைகள் பெரும்பாலும் விசுவாசிகளின் விருப்பக் காணிக்கையையே சார்ந்துள்ளன.

தமிழ்க் கிறிஸ்தவரிடையே

தமிழகத்தில் உள்ளூர்க் காணிக்கை இயக்கத்துக்குத் திருநெல்வேலி முன்னோடியாக விளங்கியது. 1820 முதல் 1835 வரை சர்ச் மிஷனரி சங்கத்தின் சார்பில் அங்குப் பணியாற்றிய ரேனியஸ் காலத்தில், கிறிஸ்தவர்களின் நன்கொடையைக் கொண்டு நிலம் வாங்கி, ஊரில் துன்புறுத்தப்பட்ட புதிய கிறிஸ்தவர்களைக் குடியமர்த்தும் தர்ம சங்கம் தோன்றியது.

1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியப் பணத்தைக் கொண்டு, இந்தியரின் தலைமையில் இந்தியரே பணியாற்றுவது அதன் கொள்கை. அதன் நிறுவனர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945) திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912ஆம் ஆண்டு தோர்ணக்கல் மறைமாவட்டத்தின் ஆயராகித் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. கிறிஸ்தவக் கொடைத்தன்மை குறித்து அவர் எழுதிய ஆங்கில நூல் பல நாடுகளில் வாசிக்கப்பட்டது. அவருடைய மறைமாவட்டத்தின் மக்களில் பெரும்பாலோர் நிலமற்ற வேளாண் தொழிலாளர்கள். ஏழைகள் கொடுக்க இயலாதவர்கள் என்று ஒதுக்குவது அவர்களின் மாண்பைக் குறைப்பதாகும் என்பது அவருடைய நிலைப்பாடு.

அத்தகைய சபைகளில் கைப்பிடி அரிசிக் காணிக்கை சிறப்பிடம் பெற்றது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, வாரம் ஒருமுறை ஆலயத்துக்குக் கொண்டுவருவது இதன் முறை. மிசோரத்தில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய பூஹ்ஃபாய் தாம் என்ற கைப்பிடி அரிசித் திட்டம் இன்றும் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையின் முக்கிய வருவாயாக உள்ளது. தமிழகத்தில் பிற சமயங்களிலும் இவ்வழக்கம் உண்டு. காஞ்சி சங்கராச்சாரியார் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பரப்பிய பிடியரிசித் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. ரொக்கம் கையில் தங்காத வீட்டிலும் அடுப்படி பெண்களின் பொறுப்பில் இருந்ததால், இம்முறையில் அவர்களே முதன்மைக் கொடையாளர்களாயினர்.

வில்லியனூர், பாகூர் பகுதியில்

புதுச்சேரி மாவட்டம் இரண்டு நகராட்சிகளையும், அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் கொண்டது. பாகூர் பெரிய ஏரியையும் நெல் வயல்களையும் உடைய பகுதி. வில்லியனூர் சங்கராபரணி ஆற்றை ஒட்டியது. இங்குள்ள கத்தோலிக்கப் பங்குகள் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை.

வில்லியனூரில் உள்ள தூய லூர்து அன்னை திருத்தலம் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைபரப்பாளர்கள் காலத்தில் உருவானது. பிரான்சின் லூர்து நகரில் 1858ஆம் ஆண்டு மரியா காட்சியளித்தார் என்ற நம்பிக்கை பரவிய இரு பத்தாண்டுகளுக்குள், 1877ஆம் ஆண்டில் அன்னையின் சுரூபம் பிரான்சிலிருந்து இங்குக் கொண்டுவரப்பட்டது. ஆலயத்தின் எதிரே அமைந்த குளம் கிறிஸ்தவக் கோவில்களில் அரிதாகக் காணப்படுவது. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் கொடியேற்றத்துடன் தொடங்கும் ஆண்டுத் திருவிழாவுக்குப் பிற சமயத்தவரும் வந்து நேர்ச்சை செலுத்துகின்றனர்.

திருத்தலமும் சிற்றூர்க் கோவிலும் காணிக்கையில் ஒரே நிலையில் இருப்பதில்லை. திருத்தலத்துக்கு வெளியூர்த் திருப்பயணிகளின் நேர்ச்சைகள் வருகின்றன. பங்கின் கிளைக் கோவிலாக உள்ள சிற்றூர் ஆலயமோ அங்கு வாழும் சில குடும்பங்களையே சார்ந்திருக்கும். கூரைப் பழுது, மின்கட்டணம், உபதேசியாரின் ஊதியம் ஆகியவற்றுக்கு அவர்களே வழிகாண வேண்டும். எனவே ஒரு பங்கின் வளத்தைப் பிற பங்குகளோடும் கிளைக் கோவில்களோடும் பகிர்வதும் உக்கிராணத்துவத்தின் பகுதியாகும்.

காணிக்கையின் வகைகள்

தமிழகம், புதுச்சேரி கத்தோலிக்கப் பங்குகளில் பொதுவாகக் காணப்படும் காணிக்கை வகைகள் பின்வருவன:

- ஞாயிறு காணிக்கை: திருப்பலியின்போது திரட்டப்படுவது. பங்கின் அன்றாடச் செலவுக்கு உரியது.
- திருப்பலிக் கருத்துக் காணிக்கை: இறந்தோர் நினைவு, நன்றி, நலம் வேண்டல் முதலிய கருத்துகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி அளிப்பது.
- நேர்ச்சை: வேண்டுதல் நிறைவேறியதற்கு நன்றியாக மெழுகுவர்த்தி, மாலை, உண்டியல் பணம், விளைபொருள் முதலியவற்றைச் செலுத்துவது.
- உபயம்: நவநாள், தேர்பவனி, அன்னதானம் முதலியவற்றின் செலவை ஒரு குடும்பமோ குழுவோ அன்பியமோ ஏற்பது.
- திருவிழா வரி: தலைக்கட்டுக்கு இவ்வளவு என ஊரார் கூடி முடிவுசெய்து திரட்டுவது.
- சிறப்புக் காணிக்கை: அக்டோபர் மாதத்தின் இறுதிக்கு முந்தைய ஞாயிறான மறைபரப்பு ஞாயிறு, தவக்காலம் முதலிய நாட்களில் குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் திரட்டப்படுவது.
- ஏழைகளுக்கான நிதி: புனித அந்தோனியார் பெயரால் ரொட்டி வழங்குதல், வின்சென்ட் தே பவுல் சபையின் இல்லச் சந்திப்பு உதவி போன்றவை. பின்னது 1833ஆம் ஆண்டு பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் அவரது தோழர்களும் தொடங்கியது.

பணம் அல்லாத காணிக்கையும் உண்டு. கோவில் வளாகத்தைத் தூய்மைசெய்தல், பந்தல் போடுதல், பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு, திருவிழாச் சமையல் போன்ற உழைப்புக் கொடைகள் கணக்கேட்டில் ஏறுவதில்லை. ஆயினும் சிற்றூர்க் கோவில்கள் பெரிதும் இவற்றாலேயே நடைபெறுகின்றன.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் சுயாதீன சபைகளிலும் தசமபாகமே முதன்மையானது. தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகளில் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம் ஆகியவை வழக்கில் உள்ளன.

வேளாண் வருவாயும் விழுக்காட்டுச் சிக்கலும்

மாதச் சம்பளக்காரர் தம் வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கணக்கிடுவது எளிது. உழவர் நிலை வேறு. எடுத்துக்காட்டாக, குத்தகை நிலத்தில் பயிரிடும் ஒருவர் ஒரு போகத்தில் 60,000 ரூபாய்க்கு நெல் விற்பதாகக் கொள்வோம். விதை, உழவு, நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை, குத்தகை எல்லாம் சேர்ந்து 42,000 ரூபாய் ஆனால், கையில் நிற்பது 18,000 ரூபாய். விற்ற தொகையில் பத்தில் ஒன்று கொடுத்தால் 6,000 ரூபாய் ஆகும். அது அவருடைய உண்மையான வருவாயில் மூன்றில் ஒரு பங்கு. நிகர வருவாயில் பத்தில் ஒன்று என்றால் 1,800 ரூபாய் மட்டுமே. வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் மூழ்கிவிட்டால் அந்தப் போகத்தில் கடன்தான் மிஞ்சும்.

விழுக்காடு ஒன்றாக இருந்தாலும் சுமை ஒன்றாக இருப்பதில்லை. மாதம் 1,00,000 ரூபாய் ஈட்டுபவர் 10,000 கொடுத்தபின் 90,000 ரூபாயில் வாழ்கிறார். 10,000 ரூபாய் ஈட்டும் கூலித் தொழிலாளி 1,000 கொடுத்தால் அது ஒரு வார மளிகைச் செலவாக இருக்கலாம். இதனால்தான் கத்தோலிக்கத் திருச்சபை விழுக்காடு எதையும் வரையறுக்காமல், ஒவ்வொருவரும் தம் ஆற்றலுக்கு ஏற்பத் திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டும் என்று மட்டும் கட்டளையிடுகிறது. இறையியலாளர் பலர் தசமபாகத்தைச் சட்டமாகக் கொள்ளாமல், வசதியுள்ளவருக்கான தொடக்க அளவாகவே கருதுகின்றனர்.

திருவிழா உபயத்துக்கோ நேர்ச்சைக்கோ கடன் வாங்குவதும் சிற்றூர்களில் காணப்படும் சிக்கலாகும். அண்டை வீட்டாரின் உபயத்துக்கு நிகராகச் செய்ய வேண்டும் என்ற மானப் பிரச்சினை இதில் கலந்துவிடுகிறது. ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் படிக்கப்படும்போது குறைவாகக் கொடுத்தவர் தலைகுனிய நேரிடுகிறது. பிள்ளைகளின் படிப்பையும் முதியோரின் மருத்துவத்தையும் நிறுத்திவிட்டுச் செலுத்தும் காணிக்கை, கொர்பான் பற்றிய போதனைக்கு முரணானது.

கொடுப்பதற்கான உரிமை

ஊர்த் திருவிழாவில் உபயமும் வரியும் வெறும் பணம் அல்ல. வரி கொடுப்பவர் ஊரில் பங்குடையவர். உபயம் செய்பவர் மரியாதைக்கு உரியவர். யாரிடம் வரி வாங்கப்படுகிறது, யாருடைய தெருவுக்குத் தேர் போகிறது என்பவை சமூகத் தகுதியைக் காட்டும் கேள்விகள்.

புதுச்சேரிச் சம்பாக் கோவிலில் சாதி அடிப்படையில் மக்களைப் பிரித்த சுவர் பற்றி 1745ஆம் ஆண்டு எழுந்த பூசலை ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு பதிவுசெய்துள்ளது. அதே உயர்மறைமாவட்டத்தில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், பாகுபாட்டை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கோரினர். அதையொட்டி 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் வன்முறை மூண்டது. காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர்.

எல்லாம் கடவுளுடையது என்றால், ஒருவருடைய காணிக்கையை ஏற்று மற்றொருவருடையதைத் தள்ளும் உரிமை எந்தச் சாதிக்கும் இல்லை. வரி, உபயம் ஆகியவற்றில் எல்லாக் குடும்பங்களையும் சமமாகச் சேர்ப்பதும், உபயங்களைக் குடும்பங்களுக்குப் பதில் அன்பியங்களிடம் ஒப்படைப்பதும், பெயர் சொல்லாமல் உறையில் காணிக்கை பெறுவதும் இச்சிக்கலைக் குறைக்கும் வழிகள்.

கணக்கு ஒப்புவிக்கும் கடமை

கத்தோலிக்கத் திருச்சபையில் காணிக்கையைக் கையாளும் முறை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு விசுவாசியும் அறிந்திருக்கத்தக்க சில விதிகள்:

- சட்டம் 222: திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவதும், சமூக நீதியை வளர்ப்பதும், தம் வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் விசுவாசிகளின் கடமை.
- சட்டம் 537: ஒவ்வொரு பங்கிலும் பங்குத்தந்தைக்கு உதவ நிதிக்குழு இருக்க வேண்டும்.
- சட்டம் 848: அருளடையாளங்களுக்கு நிர்ணயிக்கப்பட்டதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. வறுமை காரணமாக எவரும் அவற்றை இழந்துவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.
- சட்டம் 945: காணிக்கை தர இயலாத ஏழைகளின் கருத்துக்காகவும் குருக்கள் திருப்பலி நிறைவேற்றுமாறு வலியுறுத்தப்படுகின்றனர்.
- சட்டம் 947: திருப்பலிக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது.
- சட்டம் 1267: குறிப்பிட்ட நோக்கத்துக்காக விசுவாசிகள் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும்.
- சட்டம் 1287: விசுவாசிகள் அளித்த பொருளுக்கு அவர்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

இவ்விதிகளின்படி, தேர் செய்யத் திரட்டிய பணத்தைக் கொண்டு மதில் கட்ட முடியாது. திருமுழுக்குக்கோ அடக்கச் சடங்குக்கோ பணம் இல்லை என்று ஓர் ஏழைக் குடும்பத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. திருவிழாக் கணக்கைக் கேட்பது குருவை அவமதிப்பதும் ஆகாது. அது சட்டம் ஏற்றுள்ள எதிர்பார்ப்பு.

உண்டியலை இருவர் அல்லது மூவர் முன்னிலையில் திறந்து எண்ணுதல், தொகையைப் பங்கின் வங்கிக் கணக்கில் செலுத்துதல், நன்கொடைக்கு ரசீது அளித்தல், வரவுசெலவை ஞாயிறு திருப்பலியின் முடிவில் வாசித்தல் அல்லது அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் ஆகியவை இக்கடமையின் எளிய வடிவங்கள். வெளிநாட்டு நிதிக்கு 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். 2020ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் அந்நிதி புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளை வழியாகவே பெறப்பட வேண்டும். வெளிநாட்டு உதவி கடினமாகும் சூழலில் உள்ளூர்க் காணிக்கையின் முக்கியத்துவமும், அதோடு கணக்கின் முக்கியத்துவமும் கூடுகின்றன.

மதிப்பீடு

காணிக்கை பற்றிய போதனை எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டால், அது ஏழைக்குச் சுமையாகவும் வசதியுள்ளவருக்குப் பெருமையாகவும் மாறக்கூடும். உக்கிராணத்துவம் அதனுடன் இரண்டு கேள்விகளைச் சேர்க்கிறது. கொடுத்தபின் கொடுத்தவரின் வீட்டில் என்ன மிஞ்சியது என்பது ஒன்று. கொடுத்தது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது மற்றொன்று. பாகூர் வயலில் கூலிக்கு நடவு நடும் ஒரு பெண்ணின் கைப்பிடி அரிசியும் வில்லியனூர்த் திருத்தலத்தில் ஒரு திருப்பயணி இடும் பெருந்தொகையும் ஒரே உக்கிராணத்தில் சேர்கின்றன. அதன் சாவியை வைத்திருப்பவர் இரண்டுக்கும் ஒரே அளவில் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர்.